சாட்டர்ன் கார் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்கா வந்த நம் ஆட்களுக்கு முதல் கார் என்றால் பெரும்பாலும் ஒரு பழைய கரோலா, இல்லாவிட்டால் சிவிக். அதை விட்டுவிட்டு சாட்டர்ன் பக்கம் போன ஒரு சின்னக் கூட்டம் உண்டு, நானும் அதில் ஒருவன். அந்த பிராண்டையே மூடிப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, நெடுஞ்சாலையில் இப்போது ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். ஓட்டியவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள், நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஜப்பான் கம்பெனிகளின் சின்னக் கார்கள் அமெரிக்கச் சந்தையை அள்ளிக்கொண்டிருந்த காலத்தில், அதற்குப் பதிலடியாக ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1985 ஜனவரியில் அறிவித்த கம்பெனி சாட்டர்ன். செவ்ரோலெட், பியூயிக் போல இன்னொரு பிரிவு இல்லை. ஆலை, தொழிற்சங்க ஒப்பந்தம், ஷோரூம் எல்லாமே தனி. 1990 ஜூலை 30 அன்று டென்னசி மாநிலத்து ஸ்பிரிங் ஹில் ஆலையிலிருந்து முதல் கார் வெளியே வந்தது. அதில் வந்தவர்கள் ஜிஎம் தலைவர் ரோஜர் ஸ்மித்தும் தொழிற்சங்கத் தலைவர் ஓவன் பீபரும். முதலாளியும் சங்கமும் ஒரே காரில்!

1999ல் நியூ ஜெர்சியில் என் ரூம்மேட் புதிதாக எஸ்எல்1 என்ற சாட்டர்ன் மாடலை வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். சாட்டர்னில் பேரமே கிடையாது, ஸ்டிக்கரில் போட்டிருப்பதுதான் விலை. இது என் ரூம்மேட்டுக்கு ஒப்பவில்லை. பாண்டி பஜாரில் பழகிய வாய், விலை குறையாவிட்டால் ஃப்ளோர் மேட்டாவது சும்மா கொடுங்கள் என்று ஆரம்பித்து, ஒரு தடவை பெட்ரோலாவது ரொப்பிக் கொடுங்கள் என்பது வரை இறங்கி வந்தான். அந்த விற்பனைப் பெண்மணி சிரித்த முகமாகவே எல்லாவற்றுக்கும் முடியாது என்றார். எனக்கோ அதுதான் பெரிய நிம்மதி. அதற்கு முந்தின வாரம் வேறொரு ஷோரூமில் 'மேனேஜரைக் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று ஒரு ஆள் உள்ளே போவதும் வருவதுமாக எங்கள் மத்தியானம் முழுக்கத் தின்றுவிட்டிருந்தான்.

கார் எடுக்கும் நாளில் இன்னொரு கூத்து. ஆபீஸ், சர்வீஸ், கேஷ் கவுன்டர் என்று கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து காரைச் சுற்றி நின்று கைதட்டினார்கள், ஒரு போட்டோ எடுத்தார்கள், அப்புறம்தான் சாவி. கூச்சத்தில் அவன் முகம் போன போக்கை நான் இன்றும் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் ஊருக்குப் போன் செய்தபோது அவன் அம்மாவிடம் முதலில் சொன்னது அந்தக் கைதட்டலைத்தான். அவன் ஊர் திரும்பியபோது அந்தக் காரை நான் வாங்கிக்கொண்டேன்.

*

நான் நாஷ்வில் பக்கம் ரொம்ப வருஷமாக இருக்கிறேன். ஸ்பிரிங் ஹில் அங்கிருந்து தெற்கே முப்பது மைலுக்குக் கொஞ்சம் மேல். 1990 கணக்கெடுப்பில் அந்த ஊரில் 1,500 பேர்கூட இல்லை, 2020ல் 50 ஆயிரம். சுற்றிலும் பண்ணை நிலம் என்பதால் சாலையிலிருந்து பார்த்தால் ஆலை அவ்வளவாகக் கண்ணில் படாதபடி அமைத்திருந்தார்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்தவர், மிஷிகனிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். அந்த ஆலையில் எல்லாம் குழு முறைதான். ஆள் எடுப்பதிலிருந்து வேலையைப் பங்கு போடுவது வரை குழுவே முடிவு செய்யும். பதிலுக்கு சம்பளத்தில் ஒரு பகுதி தரம், பயிற்சி, உற்பத்தி இலக்கு இதெல்லாம் எட்டினால்தான் கைக்கு வரும். விற்பனை நன்றாக இருந்த வரை அது இனித்தது, 1994ல் 2 லட்சத்து 86 ஆயிரம் கார் விற்றதுதான் உச்சம். அதற்கப்புறம் விற்பனை இறங்க இறங்க அதே ஒப்பந்தம் கசந்தது. 1999ல் பழைய சங்க நிர்வாகிகளைத் தொழிலாளர்கள் தேர்தலில் தோற்கடித்தார்கள், 2003 கடைசியில் தனி ஒப்பந்தமே வேண்டாம், மற்ற ஜிஎம் ஆலைகளுக்கு இருப்பதே போதும் என்று ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அவர் அதைச் சொல்லும்போது கோபமெல்லாம் இல்லை, 'நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம், டெட்ராய்ட் நம்பவில்லை' என்பார், ஜிஎம் தலைமையகத்தைத்தான் அப்படிச் சொல்வார்.

1994 ஜூனில் கார் வாங்கியவர்கள் எல்லோரையும் ஆலைக்கே வாருங்கள் என்று கூப்பிட்டார்களே, அதை நேரில் பார்த்தவர் அவர். நாற்பதாயிரம் பேருக்கு மேல் தங்கள் காரிலேயே வந்துவிட்டார்கள். நடுவில் புயல் மழை வேறு. நனைந்துகொண்டே ஆலையைச் சுற்றிப் பார்க்க வரிசையில் நின்றார்களாம். மலிவு விலை நாலு சிலிண்டர் காருக்காக மழையில் வரிசை!

*

அண்ணா, ஷோரூம் கதை எல்லாம் சரி, காரைப் பற்றி யாருமே பேசவில்லையே. நான் மிஷிகனில் படித்த காலத்தில் பழைய சாட்டர்ன் எஸ்சி2 கூப்பே (இரண்டு கதவுக் கார்) வைத்திருந்தேன், 99 மாடல். அந்த வருஷம் வந்த கூப்பேயில் டிரைவர் பக்கம் மட்டும் பின்னால் குட்டியாக ஒரு மூன்றாவது கதவு, பின்பக்கமாகத் திறக்கும். மளிகைச் சாமான் வைக்க அவ்வளவு வசதி. தோழிகள் ஏறும்போதெல்லாம் அதைத் திறந்து காட்டுவது எனக்கு ஒரு பெருமை.

கதவும் ஃபெண்டரும் பிளாஸ்டிக் என்பது தெரிந்திருக்கும். உள்ளே ஒரு எஃகுச் சட்டம், அதன் மேல் பிளாஸ்டிக் பலகைகளைப் பூட்டியிருப்பார்கள். மேல்கூரையும் பானெட்டும் டிக்கி மூடியும் மட்டும் தகரம். வால்மார்ட் வாசலில் காற்றுக்குத் தள்ளுவண்டி உருண்டு வந்து கதவில் இடிக்கும், பலகை உள்ளே போய் டப்பென்று வெளியே வந்துவிடும். பக்கத்தில் நிற்கிற காருக்கு அதே அடியில் ஒடுக்கு. வெயிலுக்கு பிளாஸ்டிக் விரியும் என்று பலகைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டிருப்பார்கள், சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்க்கலாம். தோழர்கள் அதைக் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊரில் துருப்பிடிக்காத கதவின் அருமை அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். (அடியில் இருக்கும் சட்டத்தை உப்பு விடாது, அதைக் குனிந்து பார்க்காமல் பழைய சாட்டர்ன் வாங்கவே கூடாது.)

ஒரு பனிக்காலத்தில் முன்பக்க ஃபெண்டர் உடைந்தது. உடைசல் யார்டில் தேடி, பச்சைக் காருக்குச் சிவப்பு ஃபெண்டர்தான் கிடைத்தது. கையில் ஒரு ராட்செட், பக்கத்தில் ஒரு தோழி, கொஞ்சம் பொறுமை, போல்ட்டுகளைக் கழற்றி மாட்டிவிட்டோம். பெயின்ட் அடிக்கக் காசில்லை, பட்டம் வாங்கும் வரை அப்படியே ஓட்டினேன். பார்க்கிங்கில் காரைத் தேடி அலைந்ததே இல்லை.

*

மேலே சொன்ன எஸ்எல்1, எஸ்சி2 எல்லாம் சேர்ந்த எஸ் சீரிஸ் பற்றிச் சொல்லும்போது எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 1.9 லிட்டர் எஞ்சின் வயசானால் ஆயில் குடிக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. பிஸ்டனில் ஆயில் ரிங் உட்காரும் பள்ளத்தில் எண்ணெய் வடிவதற்குச் சரியான வழி இல்லை, கரி சேர்ந்து ரிங் ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் மேலே ஏறி எரிந்து போகும். கீழே ஒரு சொட்டுகூடச் சிந்தாது, அதனால் பலருக்குத் தெரியவே தெரியாது. பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தால் அந்த எஞ்சின் லேசில் சாகாது. அவ்வப்போது மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இல்லை, செயின், அது ஒரு செலவு மிச்சம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஃபில்டரை ஆயில் ஃபில்டர் மாதிரியே வெளியிலிருந்து திருகிக் கழற்றலாம், இந்த ஒரு வசதியை யோசித்தவரைத் தேடிப்போய்க் கும்பிடலாம்.

*

சாட்டர்னின் ஐயான் மாடல் ஓட்டியவர்கள் யாரும் வரவில்லையா? நான் 2005 மாடல் வைத்திருந்தேன். ஸ்பீடோமீட்டர் டிரைவருக்கு நேராக இல்லாமல் டாஷ்போர்டின் நடுவில் இருக்கும். ஊரிலிருந்து அம்மா வந்திருந்த ஆறு மாதமும் பின்சீட்டிலிருந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவார். 'எழுபது தாண்டிடுச்சுடா, அங்கே அறுபத்தஞ்சுன்னு போர்டு இருந்துச்சே.' வடிவமைத்தவருக்கு இப்படி ஒரு அம்மா இருந்திருந்தால் அங்கே வைத்திருக்கவே மாட்டார்.

சிரிப்பு இல்லாத பகுதியும் உண்டு. 2014ல் ஜிஎம் இக்னிஷன் சுவிட்சுக்காகத் திரும்ப அழைத்த 26 லட்சம் கார்களில் 2003 முதல் 2007 வரையான ஐயானும் இருந்தது. சாவிக்கொத்தின் கனத்திலோ ஒரு குலுக்கலிலோ சுவிட்ச் நழுவி எஞ்சின் அணைந்துவிடும், அப்போது ஏர்பேக்கும் விரியாது. நஷ்ட ஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. அதில் மற்ற மாடல்களும் சேர்த்திதான், ஆனாலும் ஆள் உயிர் அல்லவா. சுவிட்ச் மாற்றும் வரை கொத்தில் வேறு எதுவும் மாட்டாதீர்கள் என்றார்கள், வீட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

*

ஷோரூம் கைதட்டலை மட்டும் வைத்துப் பெருமை பேசுகிறோம் என்று நினைப்பவர்களுக்கு: 1991ல் சப்ளையர் அனுப்பிய கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சரியில்லாமல் போனது, 1,800க்கும் மேற்பட்ட கார்களில் அதை ஊற்றியாகிவிட்டது. எஞ்சினைக் கழுவித் தருகிறோம் என்று சொல்லவில்லை, வாங்கியவர்களுக்குக் காரையே மாற்றிக் கொடுத்தார்கள். இந்த மாதிரி நடந்துகொண்ட கம்பெனிக்கு ஜிஎம் செய்தது என்ன? புது மாடல் கொடுக்காமல் பட்டினி போட்டது. 1991 மாடலாக வந்த எஸ் சீரிஸ், மேல்பூச்சு மாற்றங்களோடு 2002 வரை ஓடியது. இரண்டாவது காரான எல் சீரிஸ் வருவதற்கே 1999 ஆகிவிட்டது, அதுவும் ஜிஎம்மின் ஐரோப்பிய பிராண்டான ஓப்பலின் வெக்ட்ரா காரை ஒட்டி டெலவேரில் தயாரித்த வண்டி. ஹோண்டாவும் டொயோட்டாவும் அந்தக் காலத்துக்குள் சிவிக்கையும் கரோலாவையும் எத்தனை முறை புதுப்பித்துவிட்டன! சாட்டர்ன் வாங்கியவர் சந்தோஷமாக இருந்தார், குழந்தை பிறந்து பெரிய கார் வேண்டும் என்று அதே ஷோரூமுக்குப் போனார், அங்கே அவருக்குக் காட்ட ஒன்றுமில்லை. கைதட்டியவர்கள் அப்படியேதான் இருந்தார்கள். நல்ல கார்கள் வரத் தொடங்கியது 2006, 2007ல், ஆரா என்ற மாடல் 2007க்கான வட அமெரிக்கக் கார் விருதுகூட வாங்கியது. காலம் கடந்துவிட்டது.

2009ல் நான் ஒரு டீலருக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் 1 ஜிஎம் திவால் மனு கொடுத்தது, அந்த வாரமே பென்ஸ்கி என்ற கார் விற்பனைக் குழுமம் சாட்டர்னை வாங்கப்போகிறது என்று செய்தி வந்ததும் கடையில் எல்லோர் முகத்திலும் உயிர் வந்தது. பென்ஸ்கி விற்கும், கார் செய்து கொடுப்பது வேறு கம்பெனி என்பது ஏற்பாடு. பிரெஞ்சுக் கம்பெனியான ரெனோவோடு பேசியது கூடிவரவில்லை. செப்டம்பர் 30 அன்று பேச்சு முறிந்தது, அன்றைக்கே மூடுவதாக ஜிஎம் அறிவித்தது. மறுநாள் காலை சர்வீஸுக்கு வந்த ஒரு பெரியவர், வாரண்டி என்னாகும் என்று கேட்கவில்லை. கவுன்டரில் இருந்தவரிடம், 'உனக்கு வேலை இருக்கிறதா?' என்றுதான் கேட்டார். எனக்கு சாட்டர்ன் என்றால் அந்தக் கேள்விதான் நினைவு வரும்.

*

கலிஃபோர்னியாவில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். 1996 கடைசியில் ஜிஎம் கொண்டு வந்த இவி1 மின்சாரக் காரை வாடகைக்குக் கொடுத்ததும் சாட்டர்ன் கடைகள் வழியாகத்தான். விலைக்குக் கிடையாது, லீஸ் மட்டும். ஆயிரத்துச் சொச்சம் கார்தான் செய்தார்கள். எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் ஒன்று சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். அப்புறம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு, மியூசியம், கல்லூரி என்று கொடுத்தது போக மிச்சத்தை நசுக்கிவிட்டார்கள். இன்று அதே ஸ்பிரிங் ஹில் ஆலையில் ஜிஎம்மின் கேடிலாக் மின்சாரக் கார் தயாராகிறது!

*

எல்லோருக்கும் வணக்கம். 2007 சாட்டர்ன் ஸ்கை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, ரெண்டு சீட்டு, திறந்த கூரை. ஞாயிற்றுக்கிழமை ஓட்ட மட்டும் எடுக்கலாமா?

*

எடுக்கலாம் தம்பி, ஆனால் பார்த்து. எஞ்சின், கியர், சஸ்பென்ஷன் எல்லாம் ஜிஎம்மின் இன்னொரு பிராண்டான பான்டியாக்கின் சால்ஸ்டிஸ் காரோடு பொது, அதனால் உள்ளே போகிற பாகங்களுக்குக் கவலை இல்லை. முன்விளக்கு, பம்பர், வெளிப்பலகை இவைதான் பாடு, அவை ஸ்கைக்கு மட்டுமே உரியவை. முன்பக்கம் அடிபட்ட வண்டி என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதே. துணிக்கூரையை நாலைந்து தடவை மூடித் திறந்து பார், தையல் ஓரத்தையும் தடவிப் பார். மழை பெய்த மறுநாள் போய் டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது.