ஸ்பெர்ம் திமிங்கிலம் பார்க்கப் படகில் போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. போன முறை திமிங்கிலம் பார்க்கப் போன கதை பாதி வாந்தியிலேயே முடிந்தது. நான் தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் வால் தண்ணீருக்குள் போய்விட்டது. அது ஒரு முறை மூழ்கினால் முக்கால் மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட மேலே வராது. வந்தாலும் பத்து நிமிடம் போல மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கிவிடும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் கோட்டை விட்டேன்.

இந்த முறை நியூசிலாந்தின் கைக்கோராவா, கரீபியனில் இருக்கும் டொமினிக்காவா என்று குழப்பம். கைக்கோராவில் கரைக்குப் பக்கத்திலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு இருப்பதால் ரொம்ப தூரம் போக வேண்டாம், ஆனால் பார்ப்பது பெரும்பாலும் ஆண் திமிங்கிலங்கள். டொமினிக்காவில் தாயும் குட்டியுமாகக் குடும்பமாகவே இருக்கும். எனக்கு மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. இரண்டுக்கும் போனவர்கள் யாராவது ஒப்பிட்டுச் சொல்லுங்களேன்.

அப்புறம், தண்ணீருக்கடியில் மைக் இறக்கி அதன் 'டக் டக்' சத்தத்தைக் கேட்டே இடம் கண்டுபிடிப்பார்களாமே, அதைப் பயணிகளுக்கும் கேட்க விடுவார்களா? முன்பக்கம் இடது சாய்வாகப் பீய்ச்சும் மூச்சை வைத்து வேறு திமிங்கிலங்களிலிருந்து பிரித்தறியலாம் என்பது தெரியும், ஆனால் ஆடுகிற படகில் அது நிஜமாகவே கண்ணுக்குத் தெரிகிறதா?

முக்கியமாக, குமட்டல் மாத்திரையைப் படகு ஏற எவ்வளவு நேரம் முன்பு போட்டீர்கள்? தூக்கம் வராத மாத்திரையாக இருந்தால் இன்னும் நல்லது. தூங்கிக்கொண்டே திமிங்கிலம் பார்க்க முடியாது, சரிதானே?