ஹார்வெஸ்ட் இன்டெக்ஸ்: மணிப்பங்கு என்றே வைக்கலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஹார்வெஸ்ட் இன்டெக்ஸ்’ என்ற வேளாண் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற பேச்சில் வந்த ‘அறுவடைக் குறியீடு’ எனக்கு ஒப்பவில்லை. விலைவாசிக் குறியீட்டுக்கு ஓர் அடிப்படை ஆண்டு உண்டு. இதற்கு அப்படி எதுவும் கிடையாது. தரைக்கு மேல் இருக்கும் பயிரின் மொத்த எடையில் மணியின், அதாவது தானியத்தின், எடை எவ்வளவு என்பதுதான் கணக்கு. அதோடு, அறுவடை என்றால் தாளையும் சேர்த்துத்தானே அறுக்கிறோம்?

பங்கு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் கோதுமையின் வரலாறு. ஜப்பானில் 1935-இல் வெளியான நோரின் 10 என்ற குட்டை ரகத்தின் விதை, போருக்குப் பிறகு அமெரிக்கா போனது. அங்கே ஆர்வில் வோகல் என்ற கோதுமை ஆய்வாளர் அதை அந்நாட்டு ரகத்தோடு கலப்பினம் செய்தார். அந்த வழி வந்த விதையை வாங்கி மெக்சிகோவில் நார்மன் போர்லாக் என்ற கோதுமை ஆய்வாளர் உருவாக்கியவைதான் சொனோரா 64, லெர்மா ரோஹோ 64 போன்ற ரகங்கள். 1966-இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ விதையை இறக்குமதி செய்தது. நெட்டை ரகத்துக்கு உரம் கூட்டினால் கிடுகிடுவென்று வளர்ந்து காற்றில் சாய்ந்துவிடும். நோரினின் குட்டை மரபணுக்கள் இருந்தால் தண்டை நீளச் செய்யும் ஜிபரலின் ஹார்மோன் சொல்வதைத் தண்டு அவ்வளவாகக் கேட்காது. தாளுக்குப் போகாத சத்து கதிருக்குப் போகும்.

1980-இல் கேம்பிரிட்ஜில் 1908-இன் லிட்டில் ஜாஸ் முதலான பழைய ரகங்களையும் புது ரகங்களையும் ஒன்றாக விதைத்துப் பார்த்த ஆய்வு வெளியானது. மொத்த எடையில் பெரிய வித்தியாசமில்லை. மணியின் பங்குதான் ஏறக்குறைய 35 விழுக்காட்டிலிருந்து 50-ஐ ஒட்டி ஏறியிருந்தது. ஆக, பத்து டன் பயிரில் மூன்றரை டன் மணி கிடைத்த இடத்தில் ஐந்து டன். இதைக் ‘குறியீடு உயர்ந்தது’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு என்ன புரியும்?

‘பயன்பங்கு’ என்ற யோசனையும் வந்தது. வைக்கோலும் மாட்டுத் தீவனம்தான், அதுவும் பயன்தான், எனவே வேண்டாம். ‘விளைச்சல் பங்கு’ என்றால் நிலக்காரருக்கு அளக்கும் வாரம் (குத்தகைப் பங்கு) நினைவுக்கு வந்துவிடும். ‘மணிப்பங்கு’ உருளைக்கிழங்குக்கு ஒத்துவராதே என்று கேட்டிருந்தீர்கள். சரிதான். அங்கே ‘கிழங்குப்பங்கு’ என்று மாற்றிக்கொள்ளலாம், வாய்பாடு ஒன்றுதான். எல்லாப் பயிருக்கும் ஒரே சொல் என்ற பிடிவாதம் ஆங்கிலத்துக்கு இருக்கட்டும்.

‘பங்கு’ என்றால் பங்குச்சந்தை என்று நினைப்பார்களாம். கோதுமைக் கட்டுரையில் யார் நினைக்கப் போகிறார்கள்?

பதிவுக்கு என் வரைவு:

மணிப்பங்கு: வேர் நீங்கலாக, பயிரின் மொத்த உலர் எடையில் மணியின் எடை வகிக்கும் விகிதம். எடுத்துக்காட்டு: ‘கோதுமையின் மணிப்பங்கு 62 விழுக்காட்டைத் தாண்டுவது கடினம் என்று கணித்திருக்கிறார்கள், இனி விளைச்சல் கூட வேண்டுமானால் மொத்த எடையும் கூட வேண்டும்.’

‘உலர் எடை’ என்பதை ‘காய்ந்த எடை’ என்று எளிதாக்கலாமா? அதை மட்டும் முடிவு செய்துவிட்டால் பதிவில் ஏற்றிவிடலாம்.