பூட்டிய பின்னும் காரின் ஒரு பக்க விளக்கு மட்டும் எரிகிறது: இது கோளாறா? இரவில் சாலையோரம் நிற்கும் காருக்கு எந்த விளக்கு வேண்டும்?

பொள்ளாச்சிக்காரர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் ஹேட்ச்பேக் கார். வேறொருவரிடமிருந்து வாங்கியதால் கையேடு என்னிடம் இல்லை. சில இரவுகளில் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, கதவைப் பூட்டிய பிறகும், முன்புறம் இடப்பக்கத்துச் சின்ன பல்பும் பின்புறம் இடப்பக்க டெயில் லேம்பும் மட்டும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கின்றன. வலப்பக்கத்தில் ஒன்றும் எரிவதில்லை. எல்லா இரவும் இப்படி நடப்பதில்லை என்பதால் காரணம் பிடிபடவில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவர் சுவிட்சில் ஷார்ட் என்றார். மற்றொருவர் வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகையைச் சொன்னார். விளக்கு எரிந்த இரவுக்கு மறுநாள் காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் சுற்றுகிறது.

இதோடு இன்னொரு சந்தேகமும் உண்டு. வீட்டில் கார் நிறுத்த இடமில்லாததால், சாலையை ஒட்டிய மண் ஓரத்தில் நிறுத்துகிறேன். வலப்பக்கச் சக்கரங்கள் தார் விளிம்பைத் தொட்டு நிற்கும். தெருவிளக்கு தள்ளி இருக்கிறது, தேங்காய் லாரிகள் இரவு முழுவதும் போகின்றன. பார்க்கிங் லைட்டைப் போட்டே வைக்க வேண்டுமா, அல்லது நான்கு இண்டிகேட்டர்களும் மின்னும் ஹசார்டு லைட்டைப் போட்டு வைப்பது நல்லதா?

மின்சுற்று:

வயரிங்கில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுத்த பிறகு, ஸ்டியரிங்கின் பக்கவாட்டில் உள்ள இண்டிகேட்டர் தண்டை இடப்பக்கம் திரும்புவதற்கான நிலையில் வைத்துவிட்டு இறங்கிப் பாருங்கள். பிறகு நடு நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் அது கோளாறே அல்ல, அந்தக் காரில் தயாரிப்பாளரே வைத்த ஒரு பக்கப் பார்க்கிங் லைட் வசதி. ஓரங்கட்டுவதற்காக இடது இண்டிகேட்டரைப் போட்டு, அது அணையும் முன்பே இக்னிஷனை அணைத்துவிட்டால், தண்டு அந்த நிலையிலேயே நின்றுவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கி நிறுத்தும் இரவுகளில் தண்டு தானாகவே நடுவுக்கு வந்துவிடுவதால்தான் உங்களுக்குச் சில இரவுகளில் மட்டும் இப்படி நடக்கிறது என்று நினைக்கிறேன்.

தண்டு நடுவில் இருந்தும் விளக்கு எரிந்தால் மட்டுமே சுவிட்சைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் மல்டிமீட்டரைப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய வயருக்கும் இடையே தொடராக இணைத்து, கதவுகளைப் பூட்டி, கண்ட்ரோல் யூனிட்டுகள் அடங்க அரைமணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்தச் சுற்று மின்சாரத்தைக் குடிக்கிறது என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமலேயே வயரிங்கை மாற்றச் சொல்பவரிடம் காரைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

டோர்ட்மண்ட் தமிழன்:

இந்த வசதி எதற்காக வந்தது என்று தெரிந்தால் உங்கள் இரண்டாவது சந்தேகமும் பாதி தீரும். ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகளில் 17ஆவது பிரிவின்படி, ஊருக்கு வெளியே இருட்டில் நிறுத்தும் கார் தன் சொந்த விளக்குகளோடு நிற்க வேண்டும். ஊருக்குள், வண்டிகள் ஓடும் பக்கத்தை மட்டும் விளக்கால் காட்டினால் போதும். தெருவிளக்கு போதிய வெளிச்சம் தரும் இடத்தில் அதுவும் தேவையில்லை. இங்கே விடியும் வரை எரியாமல் இடையிலேயே அணைந்துவிடும் விளக்குக் கம்பங்களில் சிவப்பு வெள்ளைப் பட்டை ஒன்று சுற்றப்பட்டிருக்கும். அந்தக் கம்பத்தை நம்பிக் காரை விட்டுப் போகாதே என்பதுதான் அதன் பொருள். பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடாகத்தான் ஒரு பக்க விளக்கு வந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது, எரிய வேண்டியது வண்டிகள் ஓடும் பக்கத்து விளக்கு. நாங்கள் வலப்புறம் ஓட்டி வலப்புறம் ஓரங்கட்டுவதால் இங்கே இடப்பக்க விளக்கு எரிய வேண்டும். தமிழ்நாட்டில் இடப்புறம் ஓரங்கட்டுகிறீர்கள், ஆகவே உங்களுக்கு வலப்பக்க விளக்கு எரிய வேண்டும். இப்போது எரிவதோ வேலி பக்கத்து விளக்கு. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு ஒரே ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதை ஓரமாக நிற்கும் பைக் என்று எண்ணி, அதற்குச் சற்று வலப்புறமாக வண்டியை விடுவார். அந்த இடத்தில்தான் உங்கள் காரின் இருட்டான வலப்பாதி நிற்கிறது. இதற்கு விளக்கே எரியாமல் இருப்பது மேல் என்றுகூடச் சொல்வேன்.

மின்சுற்று:

உண்மை. சட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 109ஆவது விதி, முன்புறம் இரு பக்கமும் வெள்ளை அல்லது அம்பர் நிறப் பார்க்கிங் லைட்டும், பின்புறம் இரு பக்கமும் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும் என்றும், சாலையில் வண்டி நிற்கும்போதும் அவை எரிய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே ஒரு பக்க விளக்கு, அது சரியான பக்கமாகவே இருந்தாலும், நம் விதியை நிறைவு செய்யாது. ஆனால் இந்த விதியை இரவு முழுவதும் கடைப்பிடித்தால் பேட்டரி என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று என ஐந்து வாட் பல்புகள் ஐந்து என்று வைத்தால் 25 வாட், அதாவது ஏறத்தாழ 2 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர் மணி போய்விடும். 44 ஆம்பியர் மணிப் பேட்டரி புதிதாக இருந்தால் காலையில் வண்டி கிளம்பிவிடும், வயதான பேட்டரி கைவிடும். ஒரு பக்கம் மட்டும் என்றால் 10 வாட்தான், இரவு முழுவதும் எரிந்தாலும் 8 ஆம்பியர் மணி. அதற்கே உங்கள் ஸ்டார்ட்டர் தளர்கிறது என்றால் பேட்டரியை ஒரு முறை லோடு டெஸ்ட் (சுமை கொடுத்து அதன் வலுவைப் பார்க்கும் சோதனை) செய்து பார்த்துவிடுங்கள்.

ஹசார்டு லைட்டை இரவு முழுவதும் போடுவது இன்னும் மோசம். 21 வாட் பல்புகள் நான்கு, பக்கவாட்டில் சிறிய பல்புகள் இரண்டு. பாதி நேரம்தான் எரிகின்றன என்றாலும் சராசரியாக 4 ஆம்பியர் இழுக்கும், விடிவதற்குள் பேட்டரி காலியாகிவிடும். மேலும் அது பழுதாகி நிற்கும் வண்டிக்கான எச்சரிக்கை. தினமும் ஒரே இடத்தில் மின்னிக்கொண்டிருந்தால், அவ்வழியே தினமும் போகிறவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் போகப் பழகிவிடுவார்கள்.

பொள்ளாச்சிக்காரர்:

இருவருக்கும் மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தேன், தண்டை இடப்பக்கம் வைத்தால் இடப்பக்கமும் வலப்பக்கம் வைத்தால் வலப்பக்கமும் எரிகின்றன, நடுவில் வைத்தால் எதுவும் எரியவில்லை. வயரிங் செலவு மிச்சம். மேலும் ஒரு கேள்வி: எங்கள் வீடு சாலையின் மறுபக்கத்தில் இருப்பதால், சில நேரம் வண்டியைத் திருப்பாமல் எதிர்த்திசை பார்த்தபடியே வீட்டு வாசலோரம் நிறுத்திவிடுகிறேன். அதனால் ஏதும் வேறுபாடு உண்டா?

மலைப்பாதை டிரைவர்:

பெரிய வேறுபாடு உண்டு, ஐயா. நான் பல ஆண்டுகளாக இரவில் சரக்கு வண்டி ஓட்டுகிறவன் என்பதால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன். டெயில் லேம்பின் உள்ளேயோ பம்பரிலோ சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கும். விளக்கே எரியாவிட்டாலும், பேட்டரி செத்துக் கிடந்தாலும், வரும் வண்டியின் வெளிச்சத்தை அது திருப்பிக் காட்டும். வண்டி போகும் திசையைப் பார்த்து நின்றால்தான் அந்த ரிஃப்ளெக்டர் எங்கள் கண்ணுக்குப் படும். எதிர்த்திசை பார்த்து நிற்கும் காரின் முகப்பில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது, கறுப்பு கிரில்லும் கண்ணாடியும்தான். பார்க்கிங் லைட்டைப் போட்டிருந்தாலோ, எங்கள் ஓரத்திலேயே எதிரில் ஒரு வண்டி மெதுவாக வருவதுபோல் வெள்ளை விளக்கு தெரிந்து குழப்பும். பிரிட்டனில் இரவில் எதிர்த்திசை பார்த்து நிறுத்தவே கூடாது என்று விதி இருப்பதாக அங்கே ஓட்டும் உறவினர் சொல்வார்; குறிக்கப்பட்ட நிறுத்துமிடத்துக்கு மட்டும் விலக்கு உண்டாம். மாதம் ஒரு முறை மட்டுமாவது அந்த ரிஃப்ளெக்டர் மேல் படிந்த செம்மண்ணை ஈரத்துணியால் துடையுங்கள், அதற்குப் பேட்டரியும் வேண்டாம்.

விளக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் இரண்டு நொடி போனால் 44 மீட்டர். அதற்குப் பிறகு காரே நிற்க இன்னும் 35 மீட்டருக்கு மேல் ஆகும், லோடு ஏற்றிய லாரிக்கு அதைவிடக் கூடுதல். டிம் வெளிச்சத்தில் கறுப்புக் கார் ஒன்று அந்தத் தூரத்தில் தெரியவே தெரியாது. பழுதாகி நின்றால் காரோடு வரும் எச்சரிக்கை முக்கோணத்தைப் பம்பருக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை என்று சொல்வது இதனால்தான். குறைந்தது 50 மீட்டர் பின்னால், நெடுஞ்சாலையில் அதைவிடத் தள்ளி, வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்பே வைக்க வேண்டும். அதை வைக்கப் போகும்போது சாலையில் நடக்காமல் மண் ஓரமாகவே நடங்கள், பயணிகளைக் காருக்குள் உட்கார வைக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அழைத்தால் ரோந்து வண்டி வரும். முக்கோணத்துக்குப் பதில் கல்லையும் மரக்கிளையையும் வைத்துவிட்டு, வண்டி சரியானதும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் இந்த இழை முடியாது.

உங்கள் இடத்துக்கு என் கருத்து இதுதான்: மண் ஓரம் எவ்வளவு அகலம் இருக்கிறது என்று அளந்து, தார் விளிம்பிலிருந்து இரண்டடியாவது காரை உள்ளே தள்ளி நிறுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். ஓரத்தில் கொஞ்சம் கிராவல் கொட்டினால் மழையிலும் சக்கரம் புதையாது.

பொள்ளாச்சிக்காரர்:

ஓரத்தில் ஒரு புளியமர வேர் தடுக்கிறது. அதைத் தாண்டி முன்னால் நிறுத்தினால் தாராளமாக மூன்றடி கிடைக்கும். இனி அங்கே, வண்டியைத் திருப்பிச் சரியான திசை பார்த்தே நிறுத்துகிறேன். மண்ணில் முழுவதும் இறங்கி நிற்கும் காருக்கும் விளக்கு போட வேண்டுமா?

மின்சுற்று:

முழுவதும் இறங்கியிருந்தால் ரிஃப்ளெக்டரே போதும், பேட்டரியை வாட்ட வேண்டாம். இறக்கி ஏற்றுவதற்காகச் சிறிது நேரம் தார் மேலேயே நிற்க வேண்டி வந்தால், தண்டை நம்பாமல் முன்விளக்கு சுவிட்சின் முதல் நிலையைப் போட்டு நான்கு பக்கமும் எரிய விடுங்கள். பகலில் எரியும் டி.ஆர்.எல். விளக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலான கார்களில் அது முன்புறம் மட்டுமே எரியும், பின்னால் வருகிறவருக்கு உங்கள் கார் இருட்டுதான்.