பகைவரை நேசிக்க வேண்டுமானால் வழக்கைத் திரும்பப் பெற வேண்டுமா?

கேள்வி: பெரம்பூர் சகோதரி

அப்பா இறந்தபின் என் பங்கையும் சேர்த்து வீட்டைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட அண்ணன்மீது நான் தொடுத்த பாகப்பிரிவினை வழக்கு ஆறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. இருவரும் ஒரே ஆலயத்தில்தான் ஆராதிக்கிறோம். திருவிருந்துக்கு முழங்காலிடும்போது சில வேளைகளில் அவர் எனக்கு இரண்டு பேர் தள்ளி இருப்பார், அப்போது என் மனம் ஜெபத்தில் நிற்பதில்லை. “உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்” என்ற வசனத்தை உண்மையாகவே கைக்கொள்ள விரும்புகிறேன். அப்படியானால் வழக்கைத் திரும்பப் பெற வேண்டுமா? அவரைப் பார்க்கும்போது பாசம் வராதது பாவமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆயர், தாம்பரம்

அன்புச் சகோதரிக்கு, பாசம் வரவில்லையே என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். மத்தேயு 5:44-இல் ஆண்டவர் சிநேகியுங்கள் என்பதோடு நிறுத்தாமல், ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள் என்று அடுக்குகிறார். அவை மூன்றும் மனம் கசந்திருக்கும்போதும் வாயாலும் கையாலும் செய்யக்கூடியவை. பகைவனுடைய கழுதை சுமையோடு விழுந்துகிடந்தால் அவனுக்கு உதவி செய் என்று யாத்திராகமம் 23:5 சொல்கிறதே தவிர, அவனை எண்ணி மனம் உருகு என்று சொல்லவில்லை. அந்தச் சுமையைத் தூக்க இருவரும் சேர்ந்து குனிந்தாக வேண்டும் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

நீதி கேட்பது பகை ஆகாது. தம்மை அறைந்த சேவகனிடம் இயேசுவே “என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டார். 1999-இல் ஒடிசாவின் மனோகர்பூரில் தம் கணவரான ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெய்ன்ஸையும், 10, 6 வயது மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் மன்னித்தார். பாரிபடாவில் தொழுநோயாளர் பணியையும் தொடர்ந்தார். ஆனாலும் வழக்கு நடந்தது, 2003-இல் தண்டனை விதிக்கப்பட்டது; அதனால் அவருடைய மன்னிப்பு பொய்யாகிவிடவில்லை.

பதில்: வழக்கறிஞர், புரசைவாக்கம்

ஆயர் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஸ்டெய்ன்ஸ் வழக்கு அரசு நடத்திய குற்றவியல் வழக்கு. சகோதரியுடையதோ ஒரே சபையார் இருவருக்கிடையிலான உரிமையியல் வழக்கு. இப்படிப்பட்ட வழக்குகளைத்தான் 1 கொரிந்தியர் 6-இல் பவுல் கடிந்துகொள்கிறார். அதற்காகப் பங்கை விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஏமாற்றப்பட்ட பெண்ணிடமே எப்போதும் பொறுமையைக் கேட்பது நம் சபைகளில் நடக்கும் பெரிய அநீதி. ஆனால் அதே அதிகாரத்தில் பவுல், தீர்த்துவைக்க உங்களுக்குள் விவேகி ஒருவனாவது இல்லையா என்றும் கேட்கிறார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி நீதிமன்றமே வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பலாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பதில்: பெரம்பூர் சகோதரி

இருவருக்கும் நன்றி. சமரசத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்றிரவு, ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக, அண்ணனின் பெயரைச் சொல்லி, அவருடைய காலில் ஆறாமல் இருக்கும் சர்க்கரைப் புண்ணுக்காக ஜெபித்தேன். பாசம் வரவில்லை, ஆனால் ஜெபத்தைப் பாதியில் விடவுமில்லை. செவ்வாய்க்கிழமை வாய்தா. அவர் எப்போதும் நடைக்கூடத்தில் நின்றுகொண்டேதான் காத்திருப்பார். அன்று என் பக்கத்தில் இடமிருந்தால் உட்காரச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.