முன் சக்கரத்து உள் ஷீட் கிழிந்தால் மாற்றணுமா, கழற்றி எறியணுமா?

களக்காடு வாழைவண்டி:
என்னுடையது ஒன்பது வருஷத்து ஒன்றரை டன் பிக்கப். களக்காட்டிலிருந்து திருநெல்வேலிக்கு வாழைத்தார் ஏற்றுகிறேன். முன் சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்கு உள்ளே வளைந்து நிற்குமே கறுப்பு ஷீட், அது தேய்ந்துபோய்க் கீழ் ஓரம் கிழிந்து தொங்குகிறது. இடது பக்கம் எஞ்சினை மறைக்கிற ரப்பர் பாதிதான் மிச்சம். மெக்கானிக், "அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்கிறார். கிளிப்போடு இரண்டு பக்கத்துக்கும் 2,600 ரூபாய் கேட்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றத்தான் வேண்டுமா?

உப்பு லோடு:
மாற்றாதீங்க அண்ணாச்சி, கழற்றிப் போட்டுடுங்க. நான் தூத்துக்குடி உப்பளத்தில் லோடு எடுக்கிறவன். பழைய வண்டியில் ஷீட் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பெயின்ட் வேலைக்காகக் கழற்றினால் பின்னால் ஒரு சட்டி மண்! உப்பும் ஈரமுமாக இறுகிக் கிடந்தது. விரலை வைத்து அழுத்தினேன், தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. இப்போது ஓட்டுகிற வண்டியில் ஷீட்டே கிடையாது. வாரம் ஒருமுறை வாட்டர் வாஷ், அவ்வளவுதான். துரு பிடித்தால் அன்றைக்கே கண்ணில் படும்.

புளியரை ரூட்:
உப்பு லோடு சொல்வது அவர் சரக்குக்குச் சரி. எல்லா வண்டிக்கும் அதைச் சொல்லக்கூடாது. நானும் கழற்றிப் போட்டு ஓட்டியவன்தான். ஆனி, ஆடிச் சாரலில் செங்கோட்டை தாண்டினால் ரோடு காயவே காயாது. முன்னால் ஜல்லி லாரி வரிசையாகப் போகும், சிந்திய ஜல்லியெல்லாம் நம் டயரில் ஏறும். வண்டி 60-ல் போனால் டயரும் அதே 60-ல்தான் கல்லை மட்கார்டுக்குள் எறிகிறது. ஒரே சீசனில் உள்பக்கத்துப் பெயின்ட் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்து வெறும் தகடு தெரிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. எஸ் வளைவில் ஏறும்போது பெல்ட் கீச்சென்று கத்தும், பேட்டரி லைட் மினுங்கும். பெல்ட் நனைந்து வழுக்கியதில், அது சுற்றுகிற ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை. சேறு புகுந்து அதன் பேரிங்கும் போனது. ஷீட்டில் மிச்சம் பிடித்த காசைவிட அந்த ஒரு வேலைக்கு அதிகம் கொடுத்தேன்.

உப்பு லோடு:
2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் தெருவில் ஷீட் உள்ள வண்டியும் நின்றது, இல்லாத வண்டியும் நின்றது. இரண்டுமே ஸ்டார்ட் ஆகவில்லை. அப்புறம் அந்த ஷீட் எதற்கு?

புளியரை ரூட்:
தேங்கி நிற்கிற தண்ணீர் வேறு, தெறிக்கிற தண்ணீர் வேறு அண்ணே. வெள்ளத்தைத் தடுக்க அதை யாரும் மாட்டவில்லை. வெள்ளம் என்றைக்கோ ஒருநாள் வருவது. மழைக்காலத்தில் தெறிப்பு தினமும் உண்டு.

டவுன் பட்டறை:
இருபது வருஷமாக டிங்கர் வேலை பார்க்கிறேன். இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். வளைவான பிளாஸ்டிக் ஷீட் தகட்டைக் காக்கிறது. எஞ்சின் பக்கத்து ரப்பர் பெல்ட்டையும் வயரிங்கையும் காக்கிறது. பிளாஸ்டிக் தேய்ந்து மெலிந்திருந்தாலும் ஓட்டையில்லாமல் இறுக்கமாக நின்றால் தொடவேண்டாம். தொங்கினால் மட்டும் விடாதீர்கள். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது டயர் அதைக் கவ்வி இழுக்கும். ஒரு வண்டியில் கிழிசல் முனை பிரேக் ஹோஸை அறுத்து நூல் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்ததை என் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். அது எண்ணெய் கசிவதற்கு முன்னால் கண்ணில் பட்டது அந்த டிரைவர் செய்த புண்ணியம்.

ரப்பருக்கு வருவோம். கம்பெனி சாமான்தான் வேண்டும் என்றில்லை. கடையில் நாலு மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் வாங்கி, பழசை மேலே வைத்து வரைந்து வெட்டுங்கள். பழைய ஓட்டையிலேயே அகல வாஷர் போட்டு போல்ட் முடுக்குங்கள். புதுசாகத் தகட்டில் துளை போட்டால் துரு அங்கேதான் தொடங்கும். அடியில் தண்ணீர் வடிகிற இடைவெளியை அடைத்துவிடவும் கூடாது. உப்பு லோடு வண்டியில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிடாமல், சக்கரத்துப் பக்கமிருந்து ஹோஸில் தண்ணீர் அடியுங்கள். உள்ளே எது நனைகிறது என்று நீங்களே பாருங்கள்.

உப்பு லோடு:
வடிகிற வழி அடைபட்டது உண்மையாக இருக்கலாம். அது அடைபட்டதே வெளியில் தெரியவில்லை, என் வருத்தமே அதுதான். மாட்டுகிறவர்கள் வருஷத்தில் ஒரு தடவையாவது கழற்றிக் கழுவுவேன் என்று மாட்டட்டும். எத்தனை பேர் செய்கிறார்கள்?

களக்காடு வாழைவண்டி:
ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் அடித்துப் பார்த்தேன். வலது பக்கம் ஷீட் தேய்ந்திருக்கிறதே தவிர உள்ளே ஒரு சொட்டு போகவில்லை. இடது பக்கம் பத்து எண்ணுவதற்குள் பெல்ட் நனைந்து சொட்டியது. ஆல்டர்னேட்டர் கனெக்டரைப் பிடுங்கினால் உள்ளே இருக்கிற பின் முனைகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. இரண்டு வருஷமாக ஹெட்லைட் மங்குகிறது என்று பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இடது ஷீட்டை மட்டும் புதுசாக வாங்கினேன், ரப்பரை வெட்டி மாட்டினேன். கனெக்டரைச் சுத்தம் செய்தாயிற்று. வலது பக்கம் இரண்டு கிளிப் மட்டும் மாற்றினேன். எட்டு வருஷம் தாண்டிய வண்டி, எஃப்.சி (தகுதிச் சான்று) வருஷா வருஷம் வருகிறது. அப்போது டிங்கர் வேலையோடு வலதையும் பார்த்துக்கொள்கிறேன்.

உப்பு லோடு:
நல்லது அண்ணாச்சி. மார்கழி முடிந்ததும் அந்த இடது ஷீட்டைக் கழற்றி, பின்னால் எவ்வளவு மண் இருந்தது என்று இங்கேயே எழுதுங்க.