முதலில் கட்டுவதா, கடிப்பதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், செம்பருத்திக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவே, ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த நாட்களில் ஒரு பெண் சிலந்தி வலை கட்டியிருந்தது. வயிற்றில் மஞ்சள் பட்டைகள் கொண்ட அது, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் நீட்டி, வலையின் நடுவில் தலைகீழாக அமர்ந்திருக்கும். கால்களின் நீட்சிபோல வலையில் நெளிநெளியாக வெள்ளைப் பட்டுத் தையல் தெரிந்தது. ஆர்ஜியோப் இனத்தைச் சேர்ந்த இதனைச் 'சிக்னேச்சர் ஸ்பைடர்' என்பார்கள். அம்மா ஒட்டடைக் கம்புடன் வந்தபோது, இரண்டு வாரம் விட்டுவையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு காலையில் பச்சை வெட்டுக்கிளி ஒன்று வலையில் விழுந்து உதைத்தது. சிலந்தி அந்தப் பக்கம் திரும்பி, முன்கால்களால் இழைகளைச் சுண்டிப் பார்த்துவிட்டு ஓடியது, ஆனால் கடிக்கவில்லை. சற்று எட்டவே நின்று, வயிற்றின் நுனியிலிருந்து பட்டையாக வந்த பட்டினைப் பின்கால்களால் மாறி மாறி இழுத்து, வெட்டுக்கிளியின் மேல் வீசிக்கொண்டே அதனை உருட்டியது. உதைக்கும் கால்கள் முழுவதும் கட்டுண்டு வெள்ளைப் பொட்டலமான பிறகே கடித்தது.

மறுநாள் அந்தி மயங்கும் நேரத்தில் ஓர் அந்துப்பூச்சி மாட்டியபோது நடந்தது நேர்மாறானது. சிலந்தி பட்டு வீசாமல் நேரே பாய்ந்து கடித்து, சிறகடிப்பு அடங்கும்வரை பிடியை விடாமல் இருந்து, பிறகுதான் கட்டியது. காரணம் வலையிலேயே இருந்தது: முன்பு தப்பிய ஏதோ ஒன்றின் செதில்கள் சாம்பல் தூள்போல் இழைகளில் ஒட்டியிருந்தன. அந்துப்பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும் செதில்களைப் பசையில் உதிர்த்துவிட்டு நழுவிவிடும் என்பதால், கட்டிக்கொண்டிருக்க அவகாசம் இல்லை. வலை கட்டும் சிலந்திகளுக்குக் கண்பார்வை மிகவும் மங்கல் என்பதை நினைத்தால், இழையின் அதிர்வையும் காலில் படும் தொடுகையையும் கொண்டே வந்திருப்பது இன்னதென்று அது பிரித்தறிந்தது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

வெட்டுக்கிளியை அது மென்று தின்னவில்லை. செரிக்கும் நீரை உமிழ்ந்து, உள்ளே கரைந்ததை உறிஞ்சியது. மிஞ்சிய சக்கை செம்பருத்தி இலைமேல் விழுந்து கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். எடையே இல்லை, உதைத்த கால் மட்டும் மடங்கியபடி பட்டுக்குள் தெரிந்தது.