ஷியர் மெஷினா, கேஸ் கட்டிங்கா: கரன்ட் எங்கே போகிறது?

குறிச்சி யார்டு:
கோவையில் பழைய இரும்பு யார்டு நடத்துகிறேன். போன தை மாதம் 30 எச்பி ஹைட்ராலிக் அலிகேட்டர் ஷியர் ஒன்று வாங்கிப் போட்டேன்; எண்ணெய் அழுத்தத்தில் இயங்கி, முதலை வாய் மாதிரி மூடி இரும்பை வெட்டும் மெஷின். அதற்கு முன் எல்லாமே கேஸ் கட்டிங்தான், அதாவது ஆக்ஸிஜனும் எல்பிஜியும் எரியும் டார்ச்சால் வெட்டுவது. ஒரு நாளைக்கு 8 டன் வெட்டுகிறோம், வேலையில் குறை இல்லை. ஆனால் மாதத்துக்கு 2,100 யூனிட் கூடுதலாக ஏறுகிறது. சந்தேகப்பட்டு, வயரைச் சுற்றிப் பிடித்துக் கரன்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தேன். எதையும் வெட்டாமல் சும்மா ஓடும்போதே 18 ஆம்பியர் காட்டுகிறது. முழு லோடுக்கே 40 ஆம்பியர்தான். சும்மா நிற்பதற்கே கிட்டத்தட்டப் பாதிக் கரன்ட் என்றால் எப்படிக் கட்டுப்படியாகும்? மெஷினை விற்றுவிட்டு கேஸுக்கே திரும்பலாமா என்று யோசிக்கிறேன்.

டார்ச் கை:
திரும்பிவிடுங்கள் தம்பி. 30 வருஷமாக டார்ச் பிடிக்கிறேன். வால்வை மூடினால் செலவும் அங்கேயே நின்றுவிடும். மெஷின் அப்படியில்லை, ஆள் டீ குடிக்கப் போனாலும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதோடு, உங்கள் ஷியர் வாய்க்குள் என்ன போகும்? கம்பி, ஆங்கிள், சின்ன சேனல். கனமான ஷாஃப்ட், பாய்லர் தகடு வந்தால் என்னை மாதிரி ஆளைத்தான் கூப்பிடப்போகிறீர்கள்.

மின்கணக்கு:
சிறு தொழிற்சாலைகளுக்கு மின்சாரத் தணிக்கை செய்வது என் வேலை. யார்டுக்காரர் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். ஆம்பியரை வைத்து யூனிட்டைக் கணக்கிடக் கூடாது. சும்மா ஓடும் மோட்டாரில் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரன்டில் உண்மையாக யூனிட்டாக ஏறும் பங்கு, படுத்துவிடும். 415 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்றால் மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து ஏறக்குறைய 13 கேவிஏ (பவர் ஃபேக்டரைக் கழிக்காத அளவு). பவர் ஃபேக்டர் 0.42 என்று வைத்தால், மீட்டரில் ஓடுவது மணிக்கு ஐந்தரை யூனிட்தான். மோட்டாரின் முழுத் திறன் 22 கிலோவாட்டுக்கு மேல். ஆகவே கால் பங்கு, பாதி இல்லை.

ஆனால் கால் பங்கும் லேசான விஷயமில்லை. ஒன்று கேட்கிறேன்: காலை 9 மணிக்குப் போட்டால் மாலை 6 மணிவரை மோட்டாரை நிறுத்துவதே இல்லையா? அதில் பிளேடு உண்மையாக இறங்குவது எத்தனை மணி நேரம்?

குறிச்சி யார்டு:
நிறுத்துவதில்லைங்க. சேர்த்துப் பார்த்தால் மூன்று மணி நேரம் வெட்டு இருக்கும். மீதி நேரம் பொருளைப் பிரிப்பது, இழுத்து வருவது, எடை போடுவது.

மின்கணக்கு:
அங்கேதான் இருக்கிறது வில்லங்கம். ஆறு மணி நேரம் சும்மா ஓடினால் 33 யூனிட். வெட்டும் மூன்று மணி நேரத்துக்கு, சராசரி 16 கிலோவாட் என்றால், 48 யூனிட். ஆக 81. மாதம் 26 நாளுக்கு நீங்கள் சொன்ன 2,100 வந்துவிட்டது. அதில் 858 யூனிட் எந்த இரும்பையும் தொடவே இல்லை. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏழாயிரம் ரூபாயை நெருங்குகிறது.

இரும்பை வெட்டுவதற்கென்று தேவைப்படும் சக்தி எவ்வளவு குறைவு என்பது பலருக்குத் தெரிவதில்லை. 25 மி.மீ. முறுக்குக் கம்பியைத் துண்டிக்க 20 டன் அளவுக்கு விசை வேண்டும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அந்த விசை வேலை செய்யும் தூரம் கம்பியின் தடிமன் அளவுக்குக்கூட இல்லை. பாதி வழியிலேயே கம்பி முறிந்துவிடும். கணக்குப் போட்டால் 3 கிலோஜூலுக்குள் முடிகிறது. ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். அதாவது ஒரு யூனிட்டில், காகிதக் கணக்குப்படி, ஆயிரத்துக்கு மேற்பட்ட வெட்டு. நடைமுறையில் அதெல்லாம் எங்கே போகிறது? எண்ணெயைச் சூடாக்குவதில் போகிறது. மாலையில் உங்கள் ஆயில் டேங்க் மேல் கையை வைத்துப் பாருங்கள். கையை எடுக்க வைக்கும் அந்தச் சூடு முழுக்க நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கரன்ட்.

குறிச்சி யார்டு:
நிறுத்தி நிறுத்திப் போட்டால் ஸ்டார்ட் ஆகும்போது ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்குமே. அதனால்தான் ஓடவிட்டே பழகிவிட்டோம். மெஷினை மாட்டிக்கொடுத்த மெக்கானிக்கும் அப்படித்தான் சொன்னார்.

மின்கணக்கு:
இழுக்கும், ஆனால் சில நொடிகளுக்கு மட்டும். ஐந்து நொடிக்கு 40 கிலோவாட் என்று வைத்தாலும் 0.06 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். சும்மா ஓடினால் ஒரே நிமிடத்தில் 0.09 யூனிட் போகிறது. ஒரு ஸ்டார்ட்டின் செலவு ஒரு நிமிடச் சும்மா ஓட்டத்தைவிடக் குறைவு. மெக்கானிக் சொன்னதில் நியாயம் ஒன்று உண்டு: அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் மோட்டார் சுற்று சூடாகும், மோட்டாருக்குக் கரன்டை இணைக்கும் கான்டாக்டர் சுவிட்ச் தேயும். அதனால் இரண்டு நிமிட இடைவெளிக்கெல்லாம் நிறுத்த வேண்டாம். கால் மணி நேரம் வெட்டு இல்லையென்றால் நிறுத்துங்கள்.

டார்ச் கை:
அம்மா, கணக்கு நன்றாகப் போடுகிறீர்கள். கேஸுக்கும் அதே கணக்கைப் போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம். நான் ஒரு நாளைக்கு மூன்று ஆக்ஸிஜன் சிலிண்டர் காலி செய்வேன். 19 கிலோ எல்பிஜி மூன்று நாள் வரும். பல வகையும் கலந்து வரும் பழைய இரும்பில் ஒரு நாளைக்கு 3 டன் வெட்டுவேன்.

மின்கணக்கு:
போடுகிறேன் ஐயா. ஒரு கிலோ எல்பிஜியில் 12.7 யூனிட் அளவு சூடு இருக்கிறது. 19 கிலோவுக்கு 240. ஒரு நாள் பங்கு 80. ஆக்ஸிஜன் காற்றிலிருந்து பிரிக்கப்படுகிறது, அதற்கும் கரன்ட் வேண்டும். கன மீட்டருக்கு அரை யூனிட் என்று குறைத்தே வைக்கிறேன். சிலிண்டர் ஒன்று 7 கன மீட்டர், மூன்றுக்கு 10 யூனிட். மொத்தம் 90. உங்கள் 3 டன்னுக்குப் பிரித்தால் டன்னுக்கு 30. ஷியரில் இத்தனை வீணடித்தும் டன்னுக்கு 10தான்.

டார்ச் கை:
இது சரியான ஒப்பீடு இல்லை. என் மகன் அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கிறான். நூறு பங்கு நிலக்கரிச் சூட்டில் 35 பங்குதான் கரன்டாக வெளியே வருகிறது என்கிறான். அப்படியென்றால் உங்கள் 10 யூனிட்டுக்கு அங்கே எரிந்த கரி 29 யூனிட் சூடு. என் எல்பிஜியோ இங்கேயே எரிகிறது, அதன் கணக்கு அப்படியே நிற்கும். ஒன்றை அடுப்பிலிருந்து அளக்கிறீர்கள், மற்றதைச் சமைத்த சோற்றிலிருந்து அளக்கிறீர்கள்.

மின்கணக்கு:
நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கோணத்தை நான் விட்டுவிட்டேன். ஆக்ஸிஜனுக்கான கரன்டையும் அதே மாதிரி கரிக்கு மாற்றினால் உங்கள் பக்கம் டன்னுக்கு 36, 37 வரும். ஷியர் 29. நான் மேலே காட்டிய அளவு பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஊரில் காற்றாலை ஓடும் மே முதல் செப்டம்பர் வரை கரியின் பங்கு குறையும் என்றும் சொல்லலாம். ஆனால் அதை வைத்து ஜெயிக்க நான் விரும்பவில்லை. சும்மா ஓடுவதைக் குறைத்தாலே ஷியர் டன்னுக்கு 7 யூனிட்டுக்கு வந்துவிடும், அப்போது கரிக் கணக்கிலும் 20தான்.

இன்னொன்றையும் எடையில் சேருங்கள். டார்ச் வெட்டும் இடத்தில் இரும்பு எரிகிறது. 25 மி.மீ. தகட்டில் 3 மி.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் கோடு போட்டால் 590 கிராம் இரும்பு கசடாகக் கீழே கொட்டுகிறது. யார்டுக்காரர் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கிய இரும்பு அது.

கும்மிடிப்பூண்டி உலை:
இண்டக்‌ஷன் ஃபர்னஸில், அதாவது கரன்டில் இரும்பை உருக்கும் உலையில், இருக்கிறேன். நீங்கள் இருவரும் 10, 30 என்று சண்டை போடுகிறீர்கள். எங்களிடம் ஒரு டன் உருக்க 600 யூனிட் வாக்கில் ஆகிறது. இதையும் பாருங்கள். நீளமான, கோணலான துண்டு வந்தால் உலை வாயில் குறுக்கே சிக்கிப் பாலம் மாதிரி நின்றுவிடும். கீழே உருகிய இரும்பு மட்டும் சூடேறிக்கொண்டே போகும், மேலே இருப்பது இறங்காது. அதைக் கம்பியால் குத்தித் தள்ளும் ஆளின் முகத்தைப் பார்த்திருந்தால் வெட்டுச் செலவில் யாரும் கஞ்சத்தனம் பிடிக்க மாட்டீர்கள். உயிர் ஆபத்து ஒரு பக்கம். ஒழுங்காக வெட்டிய துண்டு நெருக்கமாக அடங்கி உருக்குவதில் வெறும் 2 சதவீதம் மிச்சப்பட்டாலே 12 யூனிட். யார்டுக்காரரின் மொத்த வெட்டுச் செலவு அதில் வந்துவிட்டது. டார்ச்சோ ஷியரோ, கேட்ட அளவுக்கு வெட்டி அனுப்புங்கள். அடைத்த சிலிண்டர், மூடிய குழாய் எதையும் உள்ளே கலந்துவிடாதீர்கள்.

டார்ச் கை:
இந்தக் கடைசி வரிக்குக் கும்பிடு. மூடிய குழாயில் டார்ச் வைத்து என்னோடு வேலை பார்த்த ஒருவர் கை போயிற்று.

குறிச்சி யார்டு:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் முறையை மாற்றிப் பார்த்தேன். காலையில் மோட்டாரையே தொடுவதில்லை. கம்பி ஒரு குவியல், ஆங்கிள் ஒரு குவியல், தகடு ஒரு குவியல் என்று ஷியர் வாய்க்குப் பக்கத்திலேயே பிரித்து அடுக்குகிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே மூச்சில் வெட்டு. முன்பு நாளைக்கு 81 யூனிட் ஓடியது இப்போது 56, 57. ஆயில் டேங்கும் கை வைக்கிற சூட்டில் இருக்கிறது. பிளேடைக் கழற்றிப் பார்த்தால் முனை மழுங்கி உருண்டுபோயிருந்தது. நான்கு முனையில் ஒன்றைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம். திருப்பிப் போட்டாயிற்று.

மெஷினை விற்கவில்லை. ஆனால் ஐயா சொன்னதும் நடந்துவிட்டது. நேற்று ஒரு பழைய சர்க்கரை ஆலையிலிருந்து ஷாஃப்ட் வந்திறங்கியிருக்கிறது, ஒவ்வொன்றும் 110 மி.மீ. விட்டம். ஷியரில் வைக்கவே முடியாது.

டார்ச் கை:
திங்கட்கிழமை வருகிறேன். நான்கு ஆக்ஸிஜன் சொல்லி வையுங்கள், சிலிண்டரை வெயிலில் நிறுத்தாதீர்கள். ஷாஃப்டில் கிரீஸ் இருந்தால் முதலில் துடைக்கச் சொல்லுங்கள்.